மறையூர் உருண்டை வெல்லம்: ‘இன்னைக்கு யார் கரும்பு?’ என்று கேட்டு வாங்குங்கள்

உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறி, அமராவதி, சின்னாறு சோதனைச் சாவடி தாண்டி மூணாறு சாலையில் போனால் சுமார் 40 கிலோமீட்டரில் மறையூர். இடுக்கி மாவட்டம்தான், ஆனால் கடைத்தெருவில் தமிழ் தாராளமாகப் புழங்கும். இரண்டு பக்கமும் ‘ஒரிஜினல் மறையூர் சர்க்கரை’ என்று பலகைகள். நம் ஊர்க்காரர்கள் சிலர் அதைப் படித்துவிட்டு நாட்டுச் சர்க்கரைத் தூள் கேட்டு நிற்பார்கள். மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளைச் சீனிக்குப் பஞ்சசார என்று பெயர்.

இங்கே எடுத்துக்கொண்டது கடைத்தெரு மூட்டை இல்லை. ஊருக்கு வெளியே கரும்பு வயல்களுக்கு நடுவில், மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் ஓட்டும் ஓர் ஆலையில், சாறு காய்ச்சும் கொப்பரையடியிலேயே எடை போட்டுத் தரும் உருண்டை வெல்லம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தை முதல் பங்குனி வரை, அந்தக் குடும்பத்தின் சொந்தக் கரும்பில் காய்ச்சியது என்றால் யோசிக்காமல் வாங்கலாம். மற்ற நாட்களில், மற்றவர் கரும்பில் காய்ச்சியது என்றால் ஓர் உருண்டையை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரே ஆலை, ஒரே கொப்பரை, ஒரே கை. அப்படியிருந்தும் சரக்கு ஏன் மாறுகிறது என்பதற்குப் பண்ணையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இங்குள்ள பழைய குடிகள் சொல்லும் வழக்கு. 1956-ல் மாநில எல்லை போட்டபோது தேவிகுளம் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பேச்சு தமிழாகவே தொடர்கிறது. தென்மேற்குப் பருவமழை மூணாறில் கொட்டித் தீர்த்துவிட்டு இந்தப் பக்கம் சாரலாகத்தான் வரும். மழை மறைவுப் பிரதேசம். கரும்புக்கு வேண்டிய தண்ணீர் மலையோடைகளிலிருந்து வாய்க்கால் வழியாக வருகிறது. இங்கத்திய ஓடைகள் சேரும் பாம்பாறு, கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. கடைசியில் நம் அமராவதியில் போய்ச் சேர்கிறது.

அந்தத் தண்ணீர்தான் இந்த வெல்லத்தின் முதல் ருசி. சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறினால் அது கரும்பு வழியாகச் சாற்றுக்கு வந்து, வெல்லத்தில் நாக்கைக் கரிக்கும். அந்த உப்பு காற்றின் ஈரத்தையும் இழுக்கும். வெல்லம் ஆடி மாதத்தில் கசிந்து நிற்க இதுவும் ஒரு காரணம். மறையூர் வெல்லத்தை வாயில் போட்டால் கடைசியில் அந்தக் கரிப்பு வராது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைக்க அடிப்படையாக இருந்தது இந்த மண்ணும் தண்ணீரும் கையால் உருட்டும் முறையும்தான்.

தாத்தா காலத்தில் மாடு கட்டிச் சுற்றிய ஆலை. செங்குத்தாக மூன்று இரும்பு உருளை நிற்கும். நடுவில் நீண்ட நுகத்தடி. ஒரு ஜோடி மாடு. 1870-களில் பீகாரில் உருவாகி நாடு முழுக்கப் பரவிய வடிவம் இது. அதற்கு முன் இருந்தவை மரச் செக்கும் கல் செக்கும். மாட்டு ஆலையில் 100 கிலோ கரும்புக்கு 50 அல்லது 55 கிலோ சாறுதான் இறங்கும். சக்கையிலேயே இனிப்பு கணிசமாகப் போய்விடும். ஆனால் அழுத்தம் குறைவு என்பதால் தோலின் மெழுகும் நிறமும் சாற்றில் அதிகம் கலக்காது. நாளெல்லாம் சுற்றினாலும் ஒரு கொப்பரைக்குத்தான் சாறு சேரும். காலையில் வெட்டிய கரும்பு மாலைக்குள் முடிந்துவிடும்.

அப்பா காலத்தில் டீசல் எஞ்சின் வந்தது. படுக்கை உருளைகள், பட்டை பெல்ட், 100 கிலோவுக்கு 65 கிலோ சாறு. வருமானம் கூடியது, வெல்லம் கறுத்தது. இறுக்கிப் பிழிந்தால் கணுவும் தோலும் நசுங்கி, சர்க்கரை அல்லாத பொருள்கள் சாற்றோடு வந்துவிடும். அவற்றை நுரையாக மேலே கொண்டுவந்து எடுக்காவிட்டால் வெல்லம் மங்கலாகவும் பிசுபிசுப்பாகவும் அமையும். பல ஊர்களில் ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் நுழைந்தது இந்தக் கட்டத்தில்தான். நிறத்தை வெளுக்க அது சுலபமான வழி. இந்தக் குடும்பம் அந்தப் பக்கம் போகவில்லை. உருளைகளின் இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்தி, 60 முதல் 62 கிலோ சாறு போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். இப்போது மின் மோட்டாரில் ஓடும்போதும் அதே இடைவெளிதான். ஒரு டன் கரும்புக்கு 30 முதல் 50 கிலோ சாற்றை வேண்டுமென்றே சக்கையில் விடும் முடிவு, தலைமுறை தாண்டி நிற்கிறது. எங்கள் மதிப்பீட்டில் இந்த ஆலைக்குப் பாதி மதிப்பெண் இதற்கே போய்விடும்.

இப்போது கணக்கு. கொப்பரை ஒன்றுக்கு 600 லிட்டர் சாறு பிடிக்கும். அதற்கு ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடுதலான கரும்பு வேண்டும். இறங்கும் வெல்லம் 110 முதல் 120 கிலோ. அதாவது 1 கிலோ வெல்லத்துக்கு 9 முதல் 10 கிலோ கரும்பு. ஏக்கருக்கு 35 டன் என்று வைத்தால் கிட்டத்தட்ட 35 கொப்பரை. ஒரு நாளில் மூன்று கொப்பரைதான் காய்ச்ச முடியும். ஓர் ஏக்கர் வெட்டி முடிக்க 12 நாள் ஆகிவிடுகிறது. அதனால் வயலை ஒரே நாளில் நடவு போடுவதில்லை; கால் கால் ஏக்கராக, சில வாரங்கள் தள்ளித் தள்ளி நடுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் 11, 12 மாதத்தில் முற்றும்போது கொப்பரை காலியாக இருக்க வேண்டும். கொப்பரைதான் வயலை நடத்துகிறது.

ஐந்து ஏக்கர் சொந்த நிலம் என்றால் அறுபது நாள் வேலை. மீதி நாட்களில்? அக்கம்பக்கத்துக் கரும்பைக் கூலிக்குக் காய்ச்சுகிறார்கள். அங்கேதான் தரம் பிரிகிறது. சொந்தக் கரும்பு காலையில் வெட்டிச் சாயங்காலத்துக்குள் பிழியப்படும். வெளிக் கரும்பு ஜீப்பில் வந்து ஆலை வாசலில் இரண்டு நாள், மூன்று நாள் கிடப்பதுண்டு. வெட்டி 24 மணி நேரம் தாண்டினாலே கரும்பின் சர்க்கரை உடைந்து குளுக்கோஸ், பிரக்டோஸாக மாறத் தொடங்கும். வெயில் நாளில் இன்னும் வேகம். இனிப்பு நாக்குக்குக் குறையாது. ஆனால் அந்த வெல்லம் கட்டிப்படாது, கையில் ஒட்டும், மழைக்காலத்தில் ஒழுகும். செவ்வழுகல் நோய் வந்த கரும்பை ஒதுக்காமல் சேர்த்துப் பிழிந்தாலும் இதே கதிதான், கூடவே ஒரு புளித்த வாடை. பிளந்து பார்த்தால் நடுவில் சிவப்பும் குறுக்கே வெள்ளைத் திட்டும் இருக்கும். பண்ணைக்காரர் கரும்பைக் கையில் எடுத்ததுமே கண்டுகொள்வார்.

ஆகவே ஆலை வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. “இன்னைக்கு யார் கரும்புங்க அண்ணே?” என்று கேளுங்கள். இந்த ஆலையில் ஒளிக்காமல் சொல்கிறார்கள். “இது நம்ம காட்டுது, நேத்து வெட்டினதில்ல, இன்னைக்குக் காலையில வெட்டினது” என்றோ, “இது கூலிக்கு ஓடறதுங்க, வேணும்னா நாளைக்கு வாங்க” என்றோ பதில் வரும். இரண்டாவது பதிலைச் சொல்லத் தயங்காத ஆலையை நம்பலாம்.

கொப்பரையடியில் பார்க்க வேண்டியவை சில உண்டு. சாறு இரண்டு வடிகட்டி தாண்டி வருகிறது: முதலில் கம்பி வலை, பிறகு மெல்லிய துணி. கொதி வருவதற்கு முன்பே சுண்ணாம்புப் பால் விடுகிறார்கள். புதுச் சாறு கொஞ்சம் புளிப்புத் தன்மை உடையது, அதன் பி.எச். (அமில அளவு; 7 என்றால் நடுநிலை) 5.2 அளவில் இருக்கும். அதை 6.2 வாக்கில் கொண்டுவந்தால் அழுக்கு திரண்டு மேலே வரும், சர்க்கரையும் உடையாமல் நிற்கும். சுண்ணாம்பு குறைந்தால் வெல்லம் இளகும். கூடினால் கட்டியாகும், ஆனால் நிறம் கறுத்து, நாக்கில் ஒரு துவர்ப்பு நிற்கும். அளவு சாற்றுக்குச் சாறு மாறும் என்பதால் ஒரே கிளாஸ் கணக்கில் ஊற்றுவது தப்பு. இங்கே பி.எச். காகிதப் பட்டை வைத்துப் பார்க்கிறார்கள். பேரன் கொண்டுவந்த பழக்கம். சின்னச் செலவு, பெரிய பலன்.

அடுத்தது வெண்டைத் தண்டு. தண்டை நசுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்த வழவழப்பை எடுத்து ஊற்றுவார்கள். அது தூசியையெல்லாம் பற்றிக்கொண்டு கருப்பு நுரையாக மிதக்கும். அந்த நுரையை அள்ளி முடிப்பதற்குள் சாறு தளதளவென்று கொதித்துவிட்டால் அழுக்கு மறுபடி உள்ளே கரைந்துவிடும். அதனால் முதல் அரை மணி நேரம் அடுப்பைத் தணித்தே வைக்க வேண்டும். அடுப்புக்கு எரிபொருள் காய்ந்த சக்கை. மழை பெய்து சக்கை நனைந்தால் தீ சீராக நிற்காது. கொதி ஏறி இறங்கி, காய்ச்சும் நேரம் நீண்டு, நிறம் அடிபடும். தை, மாசி வெல்லம் நன்றாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, குளிர்ந்த இரவும் வறண்ட பகலும் சேரும் அந்த மாதங்களில் கரும்பு நன்றாக முற்றும்.

இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் பாகு வரும். கட்டி வெல்லத்துக்கு 116 முதல் 118 டிகிரி செல்சியஸ். தூளுக்கு 120-க்கு மேல் போக வேண்டும். இங்கே யாரும் வெப்பமானி வைத்திருக்கவில்லை. பாகிலிருந்து ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, விரலால் திரட்டி, தட்டில் போடுகிறார்கள். ‘டக்’ என்று சத்தம் கேட்டால் பதம். கேட்காவிட்டால், “இன்னும் ஒரு கொதி போகட்டும்.” கொப்பரையைக் கவிழ்க்கும் அந்த நிமிடத்தை முடிவு செய்பவர் குடும்பத்தின் பெரியவர். ஒரு நிமிடம் முந்தினால் ஈரம் நிற்கும். ஒரு நிமிடம் பிந்தினால் கருகல் வாடை வரும்.

மரத்தொட்டியில் பாகு பரவியதும் துடுப்பால் கிளறிக்கொண்டே ஆறவிடுகிறார்கள். பளபளப்புப் போய் மங்கலாகி, மணல் மாதிரி பூக்கத் தொடங்கியதும் அள்ளி உருட்டல். சூடு இருக்கும்போதே உருட்ட வேண்டும்; ஆறிவிட்டால் உதிரும். ஓர் உருண்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். முழு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் உள்ளங்கையின் குழிவு, மறுபக்கம் நான்கு விரல் அழுத்திய பள்ளம், நடுவில் கைரேகை கூடச் சில உருண்டைகளில் பதிந்திருக்கும். நிறம் காப்பிக்கொட்டைக்கும் புளிக்கும் நடுவில். உடைத்தால் உள்ளே சற்று வெளிர், நுண்ணிய மணிகள், ஒரே சீரான அமைப்பு. விரலில் தேய்த்தால் மாவு போல உதிர வேண்டும். மெழுகு போல இழுபட்டால் பழைய கரும்பு அல்லது முற்றாத கரும்பு.

கரைத்துப் பார்த்த பரிசோதனை: சொந்தக் கரும்பில் காய்ச்சிய அரைக் கிலோவை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து வடித்தபோது துணியில் நின்றது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு, பெரும்பாலும் சக்கை நார், மணல் இல்லை. கூலிக் கரும்பு வெல்லத்தில் அதைப் போல இரண்டு மடங்கு, அடியில் கொஞ்சம் மண்ணும் இருந்தது. சோகையை (காய்ந்த தோகையை) உரிக்காமலும் வேர்ப்பக்க மண்ணைத் தட்டாமலும் ஆலைக்குக் கொண்டுவந்தால் அப்படித்தான் வரும். இரண்டுமே வடிகட்டினால் தீரும் குறைகள்.

சமையலில்: சர்க்கரைப் பொங்கலுக்கு 200 கிராம் பச்சரிசி, 50 கிராம் பாசிப்பருப்புக்கு இந்த வெல்லம் 350 கிராம் போதும். கரிப்பு இல்லாததால் இனிப்பு முன்னால் வந்து நிற்கிறது. வழக்கமான ஒன்றுக்கு இரண்டு கணக்கில் போட்டால் திகட்டும். நிறம் அடர்த்தியாக வரும், மஞ்சள் பொங்கல் எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. அதிரசத்துக்கு 1 கிலோ ஈர அரிசி மாவுக்கு 750 கிராம். பாகு உருட்டுப் பதம் அழகாக நிற்கிறது, எண்ணெயில் பிரியவில்லை. கூலிக் கரும்பு வெல்லத்தில் அதே அளவுக்கு மாவு தளர்ந்தது. நேந்திரங்காய் சர்க்கரை வரட்டிக்கு (வெல்லப் பாகு பூசிய வறுவல்) கேட்கவே வேண்டாம், அதற்கென்றே பிறந்த வெல்லம். பால் பாயசத்தில் மட்டும் கவனம்: பாகைத் தனியே கொதிக்கவைத்து வடித்து ஆறவிட்டு, அடுப்பை அணைத்த பிறகே பாலில் சேர்க்க வேண்டும். சூட்டில் ஊற்றினால் எந்த வெல்லமானாலும் பால் திரிந்துவிடலாம்.

குறைகள் இருக்கின்றன. உருண்டை ஒவ்வொன்றும் ஒரு எடை, 100 கிராமும் உண்டு, 200 கிராமும் உண்டு. எண்ணிக் கணக்குப் போட முடியாது. காய்ச்சிய தேதியை எழுதித் தருவதில்லை, இது அவசியம் மாற வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சூடு முழுக்க ஆறுவதற்குள் பாலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போடுவது. உள்ளே ஆவி வியர்த்து, இரண்டே வாரத்தில் மேல்புறம் பூஞ்சை பிடிக்கும். அத்தனை கவனமாகக் காய்ச்சியதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் கெடுத்துக்கொள்வது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முந்தின நாள் காய்ச்சி இரவு முழுக்கத் தட்டில் ஆறியதைக் கேளுங்கள், காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டில் பீங்கான் ஜாடியோ கண்ணாடிப் பாத்திரமோ, மூடி இறுக்கமாக. சித்திரை வரைக்கும் வெளியே வைக்கலாம். ஆனி பிறக்கும் முன் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

பெயரை வைத்து ஏமாறுவது பற்றி. சமவெளி வெல்லத்தைக் கொண்டுவந்து உருண்டை பிடித்து, மறையூர் என்று பெயரிட்டு விற்பது பல காலமாக நடக்கிறது. புவிசார் குறியீடு பெயருக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு மூட்டையையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. வாங்குபவர்தான் பார்க்க வேண்டும். எலுமிச்சை நிறத்தில் பளிச்சென்று இருந்தால் விட்டுவிடுங்கள். ஹைட்ரோஸ் போட்டு வெளுத்த வெல்லம் புதிதில் மஞ்சளாக இருந்து, சில வாரத்தில் தானே கறுக்கும். அது வெல்லத்தில் விட்டுச்செல்லும் கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு) தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதை வீட்டில் அளக்க முடியாது, நிறம்தான் எச்சரிக்கை. சீனி கலந்திருந்தால் உடைத்த பக்கத்தில் பெரிய படிகங்கள் மின்னும். கரைத்த தண்ணீரில் நான்கு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சலவை சோடாவோ சுண்ணாம்புத் தூளோ கலந்திருக்கிறது. விலையும் ஒரு சாட்சி. பத்துக் கிலோ கரும்பின் விலை, வெட்டுக் கூலி, காய்ச்சும் கூலி மூன்றையும் கூட்டிப் பார்த்தால், சமவெளி மண்டை வெல்லத்தின் விலைக்கு இது கட்டுப்படியாகாது. அந்த விலைக்குக் கொடுத்தால் அது இந்த வயலின் கரும்பு இல்லை.

ஓணத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்போது கேரளம் முழுக்கக் கிராக்கி. எட்டு, ஒன்பது மாதக் கரும்பைக் கூட வெட்டிவிடுவார்கள். முற்றாத கரும்பின் வெல்லம் நிற்காது. இந்தக் குடும்பம் அந்தச் சமயத்தில் சொந்தக் கரும்பைத் தொடுவதில்லை. ஆலை ஓடும், ஓடுவது கூலிக் கரும்பு.

காட்டுப்பன்றியும் யானையும் வயலில் இறங்குவதால் இரவுக் காவல் இருக்கிறது; விடிந்ததும் வெட்டு ஆரம்பிக்கும். எட்டு மணிக்கு ஆலை சுற்றத் தொடங்கினால் முதல் கொப்பரை மதியத்துக்கு முன்னால் கவிழும். உடுமலையில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் பதம் பார்க்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்விடலாம். சொந்த வண்டி என்றால் இருட்டுவதற்குள் சின்னாறைத் தாண்டித் திரும்பிவிடுங்கள், அது யானை கடக்கும் சாலை. கையோடு ஒரு துணிப்பையும் பழைய செய்தித்தாளும் கொண்டு போங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டு, சக்கை காய்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.